மாணவர் பதிவு யார் கையில்: தரவு அலுவலகமா, துறையா?

இங்கிலாந்தில் பள்ளி முடித்த 16 வயதுப் பிள்ளைகளும், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பெரியவர்களும் சேரும் இடம் ஃபர்தர் எஜுகேஷன் கல்லூரி. அந்தக் கல்லூரிகளுக்கு அரசுப் பணம் வருவது ஐ.எல்.ஆர். என்ற மாணவர் பதிவுக் கோப்பை வைத்துத்தான். யார் சேர்ந்தார், எந்தப் படிப்பு, எந்தத் தேதியில் தொடங்கினார், எப்போது நின்றார், எந்த அஞ்சல் குறியீட்டில் குடியிருந்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு கல்வியாண்டுக்கு 14 முறை இந்தக் கோப்பு அரசுக்குப் போகும்; ஒவ்வொரு முறை அனுப்புவதையும் ரிட்டர்ன் என்போம். கடைசி ரிட்டர்ன், அதாவது ஆர்14, அக்டோபரில். இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஈ.எஸ்.எஃப்.ஏ. என்ற அரசு நிதி அமைப்பு 2025 மார்ச்சோடு மூடப்பட்டு வேலை அரசின் கல்வித் துறைக்கே போய்விட்டது. ஆனாலும் ஆதாரம் இல்லாத பதிவுக்குப் பணம் இல்லை என்பது அப்படியேதான் இருக்கிறது.

இந்தப் பதிவை யார் செய்வது என்பதில் கல்லூரிகள் இரண்டு வழிகளில் போகின்றன. ஒன்று, எம்.ஐ.எஸ். என்று நாங்கள் சொல்லும் தரவு அலுவலகமே எல்லாவற்றையும் ஏற்றுவது. இன்னொன்று, கல்லூரிக்குள் பாடம் நடத்தும் ஒவ்வொரு துறையிலும் ஒரு நிர்வாக உதவியாளர் தன் மாணவர்களைத் தானே பதிவது. இரண்டிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

முதலில் 42 நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் மற்றது புரியும். 24 வாரமோ அதற்கு மேலோ நடக்கும் படிப்பில் சேர்ந்தவர் 42 நாள் படிப்பில் இருந்தால்தான் நிதிக் கணக்கில் வருவார். செப்டம்பர் 9 அன்று தொடங்கியவர் என்றால் அக்டோபர் 20 வரை படிப்பில் இருக்க வேண்டும். 16-19 வயதினருக்கான அடுத்த ஆண்டு ஒதுக்கீடு இந்த ஆண்டு எண்ணிக்கையை வைத்தே போடப்படுகிறது. ஆகவே ஒரு பிள்ளையைத் தவறாக விட்டுவிட்டால் அடி அடுத்த வருடம் விழும். 2024-25இல் 580 மணி நேரமும் அதற்கு மேலும் படிக்கும் 16, 17 வயது மாணவருக்கு அடிப்படை விகிதமே 4,843 பவுண்ட்.

தரவு அலுவலக வழியில் விதி தெரிந்தவர்கள் ஒரே அறையில் இருப்பார்கள். அது பெரிய பலம். குறிப்பாக யூ.எல்.என். என்ற 10 இலக்க மாணவர் எண் விஷயத்தில். இலங்கையிலிருந்து வந்த தமிழ் அக்கா ஒருவர் சேர வந்தார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருந்தது, முன்பு படித்த இடத்தில் அவர் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டிருந்தார்கள். சேர்க்கை மேசையில் இருந்த பையன் தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை, புது எண் எடுத்துவிட்டான். பழைய எண்ணோடு அவருடைய பழைய சான்றிதழ்களும் மறைந்துபோயின. முன்பே எந்த நிலை வரை முடித்திருக்கிறார் என்பதைப் பொறுத்து பெரியவர்களுக்கான நிதித் தகுதி மாறும். அதனால் இது வெறும் பெயர்க் குழப்பம் இல்லை, தகுதியில்லாத பணத்தைக் கேட்டதாக ஆகிவிடக்கூடிய பிழை. நம் பெயர் முறை தெரிந்ததால் நான் பெயரைத் திருப்பிப் போட்டுத் தேடினேன், கிடைத்தது. இப்படிப்பட்ட வேலையை எட்டுத் துறைகளில் எட்டுப் பேரிடம் பிரித்துக் கொடுத்தால் எட்டு விதமாக நடக்கும்.

ஆனால் அலுவலகத்துக்குத் தெரியாத ஒன்று உண்டு: பிள்ளை இன்று வகுப்புக்கு வந்ததா என்பது. அலுவலக வழியில் இருந்த கல்லூரியில் ஒரு மாணவி கடைசியாக வந்தது அக்டோபர் 16. அடுத்த வாரமே ஆசிரியருக்கு அவள் வரமாட்டாள் என்று தெரியும். வேலை கிடைத்துவிட்டது என்று அவளே மெசேஜ் போட்டிருந்தாள். விலகல் படிவம் எங்கள் மேசைக்கு வந்தது நவம்பர் 12. நடுவில் ஒரு ரிட்டர்னில் அவள் தொடர்ந்து படிக்கிறாள் என்று போய்விட்டது. படிவத்தில் தேதி 'அக்டோபர் இறுதி' என்று எழுதியிருந்தது. வருகை ரெஜிஸ்டரைப் பிரித்துப் பார்த்துத்தான் 16 என்று பிடித்தோம், அதாவது செப்டம்பர் 9இலிருந்து எண்ணினால் 38ஆவது நாள். திருத்தாமல் விட்டிருந்தால் ஆடிட்டில் சோதிக்க எடுக்கும் மாதிரிப் பட்டியலில் அந்த ஒரு பெயர் விழுந்திருக்கலாம். மாதிரியில் கண்ட பிழையை மொத்த எண்ணிக்கைக்கும் விரித்துக் கணக்குப் போட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

துறை வழியில் அந்த நான்கு வாரத் தாமதம் இருக்காது. உதவியாளர் ஆசிரியருக்குப் பக்கத்து மேசையில் இருப்பார், அன்றைக்கே கேட்டுவிடுவார். நான் பார்த்த துறை ஒன்றில், இரண்டு வகுப்பு தொடர்ந்து வராத பிள்ளைக்கு உதவியாளரே போன் செய்வார். பாதிப் பிள்ளைகள் அந்த ஒரு போனிலேயே திரும்பி வந்துவிடும். அது பதிவை விடப் பெரிய காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சிக்கல் வேறிடத்தில். 42 நாளுக்குள் நின்றவர் தேர்ச்சி விகிதக் கணக்கில் வரமாட்டார், பிறகு நின்றால் வருவார். எனவே துறைத் தலைவருக்கு இரண்டு பக்கமும் இழுப்பு உண்டு: பணத்துக்காகத் தேதியைத் தள்ளிப்போடலாம், விகிதத்துக்காக முன்னே கொண்டுவரலாம். உதவியாளர் அந்தத் தலைவரின் கீழ் வேலை பார்க்கிறவர். 'ஒரு வாரம் முன்னாடி போட்டுடும்மா' என்றால் மறுக்க அவரால் எப்படி முடியும்? தேதி என்பது கடைசியாகப் படித்ததற்கு ஆதாரம் உள்ள நாள், வேறு எதுவும் இல்லை. அதைக் காப்பாற்ற ஆள் துறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

காகித ரெஜிஸ்டரா மின் ரெஜிஸ்டரா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, மின் ரெஜிஸ்டர்தான். காகிதத்தில் யார் எப்போது டிக் போட்டார்கள் என்று பிறகு நிரூபிக்க வழியில்லை. வகுப்பு நடக்கும்போதே போட வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் போடக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, இரண்டில் எது? ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் துறை வழியை எடுப்பேன். விதியைக் கற்றுக்கொடுக்க முடியும், நான்கு வாரம் கழித்து ஞாபகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் மூன்று விஷயங்களை மட்டும் எம்.ஐ.எஸ். கையில் வைக்கச் சொல்வேன்: யூ.எல்.என். எடுப்பது, விலகல் தேதியைப் பூட்டுவது, இத்தனை மணி நேரம் படிப்பார் என்று தொடங்கும்போது போட்ட திட்ட மணி நேரத்தில் கை வைப்பது. கடைசியதற்கு அவசரம் அதிகம். 42 நாள் முடிந்தபின் அந்த மணியை மாற்ற இடமில்லை. கால அட்டவணையில் 560 மணிதான் இருக்கிறது என்று டிசம்பரில் கண்டுபிடித்தால், 580 என்று போட்ட பதிவு வெறும் தலைவலி.

இப்போது இருக்கும் இடத்தில் ஆறாவது வாரத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். நானும் உதவியாளரும் ஆசிரியரும் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசிக்கிறோம். போன வருடம் ஒரு குழுவில் 23 பெயர். நாலு பேரைப் பற்றி மட்டும் ஆசிரியர் யோசித்தார். அன்று மதியமே உதவியாளர் அந்த நாலு பேருக்கும் போன் போட்டார்.