டேலியோடு ஆன்லைன் ஆர்டரை இணைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

ஆன்லைனில் விற்பவர்கள், அதிலும் எங்களைப் போலத் திருப்பூரில் டி-ஷர்ட், பனியன் விற்பவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். 1,35,000 ரூபாய் போய்விட்டது. வயிறு எரிகிறது.

எங்களுக்கு இரண்டு ஆன்லைன் சந்தைகளில் கடை இருக்கிறது, சொந்த வெப்சைட்டும் உண்டு. மூன்றிலும் வரும் ஆர்டர்களை ஆபீஸில் இருக்கும் பெண் ஒவ்வொன்றாகப் பார்த்து, எங்கள் கணக்கு சாஃப்ட்வேரான டேலியில் அடிப்பார். சீசனில் அவர் வீட்டுக்குக் கிளம்பவே ராத்திரி ஆகிவிடும். அதனால்தான் ஆன்லைன் கடையையும் கணக்கு சாஃப்ட்வேரையும் இணைக்கும் 'கனெக்டர்' விற்கிற ஒரு கம்பெனியைக் கூப்பிட்டோம்.

வந்தவர் என் போனிலேயே எங்கள் வெப்சைட்டில் ஒரு டி-ஷர்ட் ஆர்டர் போடச் சொன்னார். போட்டேன். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் டேலியில் சேல்ஸ் வவுச்சர், அதாவது விற்பனைப் பதிவு, விழுந்தது. மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி 2.5 சதவீதம், மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம், ஸ்டாக்கில் ஒன்று குறைவு, எல்லாம் கச்சிதம். "இனிமே நீங்க ரிப்போர்ட் பார்த்தா மட்டும் போதுங்ணா" என்றார். லைசென்ஸ் ஆக்டிவேட் ஆக முழுத்தொகையும் வேண்டுமாம். 1,35,000 ரூபாயையும் அன்றே அனுப்பினோம்.

அந்த ஆர்டர் திருப்பூருக்குள்ளேயே போட்டது. பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போன சரக்குக்கும் அதே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியைத்தான் போட்டு வைத்திருக்கிறது அந்தக் கனெக்டர்! வெளிமாநிலத்துக்குப் போனால் அந்த இரண்டுக்கும் பதில் ஐஜிஎஸ்டி என்பதுகூடத் தெரியாமலா இதை விற்கிறார்கள்? மாசா மாசம் அரசுக்குக் கொடுக்கும் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போடுவதற்கு முன் ஆடிட்டர் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் ஐஜிஎஸ்டியைத் தனியாகக் கட்டிவிட்டு, தப்பாகக் கட்டியதற்கு ரீஃபண்ட் கேட்டு அலைய வேண்டியதுதான்.

ஸ்டாக் இன்னும் மோசம். நேவி ப்ளூ போலோவில் எம் சைஸ் தீர்ந்துவிட்டது, எக்ஸ்எல் மட்டும் இருந்தது. கனெக்டரோ சைஸைப் பார்க்காமல் மொத்த எண்ணிக்கையைச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. இல்லாத எம் சைஸுக்கு ஆர்டர் குவிந்தது. எல்லாவற்றையும் கேன்சல் செய்தோம், வருஷக்கணக்கில் சேர்த்த செல்லர் ரேட்டிங் இறங்கிவிட்டது. ரிட்டர்ன் வந்த சரக்குக்கு, விற்பனையைக் கணக்கிலிருந்து கழிக்கும் கிரெடிட் நோட்டும் விழவில்லை.

போன் செய்தால், "டிக்கெட் போட்டாச்சு சார், டெக்னிக்கல் டீம் பார்க்கறாங்க." அப்புறம், "சந்தைக்காரங்க ஏபிஐயை மாத்திட்டாங்க, எங்க கையில இல்ல." (ஏபிஐ என்றால் ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றோடு தகவல் பரிமாறும் வழி.) அப்புறம், "உங்க டேலி வெர்ஷன் பழசு சார்." வெர்ஷனைப் புதுப்பித்துவிட்டுச் சொன்னால், சைஸ் வாரியாக ஸ்டாக் வேண்டுமென்றால் அது வேறு பிளானாம், இன்னும் பணமாம். அண்ணா அண்ணா என்று பேசிய ஆள் இப்போது போனே எடுப்பதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "லைசென்ஸ் ஆக்டிவேட் ஆயிடுச்சு, ரீஃபண்ட் பாலிசி இல்ல" என்று இரண்டு வரி மெயில். 1,35,000 ரூபாய்க்கு இரண்டு வரி!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டிய 11-ஆம் தேதிக்குள் அத்தனை வவுச்சரையும் கையால் திருத்தியாக வேண்டும், அதனால் சுருக்கமாக:

டெமோவில் வெளிமாநில ஆர்டர் ஒன்று, ரிட்டர்ன் ஒன்று, ஒரு சைஸ் மட்டும் தீர்ந்த ஐட்டம் ஒன்று, மூன்றையும் கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாசக் கணக்கு சரியாக வரும்வரை முழுப்பணம் தராதீர்கள். கனெக்டரை இணைக்கும் முன் டேலி டேட்டாவை பேக்கப் எடுத்து வையுங்கள்.

இவர்களோடு உறவு முறிந்தால் முதல் வேலையாகச் சந்தை அக்கவுன்ட்டிலும் வெப்சைட்டிலும் அவர்களுக்குக் கொடுத்த ஏபிஐ கீயை (அவர்கள் சாஃப்ட்வேர் உள்ளே வருவதற்கான சாவி) ரத்து செய்யுங்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். நம் கஸ்டமர்களின் முகவரியும் போன் நம்பரும் அதன் வழியாகத்தான் அவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும்.