‘ஓக்லஹோமா!’: 1943 பதிவா, 2019 பதிவா?

இசையமைப்பாளர் ரோட்ஜர்ஸும் பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைனும் இணைந்து உருவாக்கிய முதல் இசை நாடகம் ‘ஓக்லஹோமா!’. 1943இல் அது நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் அரங்கேறியபோது, மேடையில் பாடியவர்களையே வைத்து டெக்கா நிறுவனம் இசைத்தட்டுகள் வெளியிட்டது. டேனியல் ஃபிஷ் இயக்கிய மறு அரங்கேற்றம் 2019இல் அமெரிக்க நாடகத் துறையின் டோனி விருது வென்றது; அதன் பாடல்களும் அதே ஆண்டில் பதிவாயின.

பழைய பதிவில் பெரிய வாத்தியக் குழு. தொடக்கப் பாடலில், நாயகனாக நடித்த ஆல்ஃபிரட் டிரேக்கின் கணீர்க் குரலில் ஒரு விடியற்காலையின் தெளிவு. புதியதில் ஏழே இசைக் கலைஞர்கள். பாஞ்சோவும் மாண்டலினும் திண்ணையில் அமர்ந்து வாசிப்பது போலக் காதருகே கேட்கின்றன. புதிய நாயகன் டேமன் டானோ அதே பாடலைக் கிதார் இசைத்தபடி பாடும்போது, மெல்லிய அச்சமும் கூடவே வருகிறது.

என்னைப் புதிய பதிவின் பக்கம் திருப்பியது ஜட் என்ற பண்ணையாளின் தனிமைப் பாடல்தான். 1943 தொகுப்பில் அது இல்லவே இல்லை. பின்னர் சேர்த்தபோதும் ஜட்டாக நடித்த ஹோவர்ட் டா சில்வா பாடவில்லை. அவனுடைய போட்டியாளனான நாயகனாக நடித்த டிரேக்கே பாடினார். எவ்வளவு பெரிய இழப்பு! 2019 பதிவில் பேட்ரிக் வைல் அதைத் தாழ்ந்த குரலில் தொடங்குகிறார். அந்த மனிதனின் வலி அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

குழுப் பாடல்களின் உற்சாகத்தில் பழையதே மேல். இந்த நாடகத்தை முதன்முறை கேட்பவர் அதிலிருந்து தொடங்கலாம். கதை தெரிந்தவருக்கு நான் 2019ஐத்தான் கொடுப்பேன்.