நம்பர் பிளேட் உடைந்தால் ஸ்டிக்கர் கடைக்குப் போகாதீர்கள், பழைய பிளேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், என் ஸ்கூட்டரின் பின்பக்க நம்பர் பிளேட் மடங்கித் தொங்குகிறது. ரிவர்ஸ் எடுத்த ஏதோ ஒரு வண்டி இடித்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடுதானே, கையால் நிமிர்த்திப் பார்த்தேன். நடுவில் பிளந்து இரண்டு துண்டாகிவிட்டது.

வண்டி 2021இல் வாங்கியது. அதனால் கம்பெனியே கொடுத்த எச்.எஸ்.ஆர்.பி. பிளேட். 2019 ஏப்ரல் 1 முதல் விற்கிற எல்லா வண்டியையும் இந்த உயர் பாதுகாப்பு பிளேட்டோடுதான் கொடுக்க வேண்டும். இது எனக்கு அப்போதே தெரியும். அது உடைந்தால் எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டிக்கர் கடை. வாசலில் வரிசையாக பிளேட்டுகள் தொங்கின. எல்லாவற்றிலும் இடது மேல் மூலையில் அசோகச் சக்கரம், பக்கத்தில் நீல நிறத்தில் இந்தியாவைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள். பார்வைக்கு என் பிளேட்டேதான்.

“ஷோரூமுக்குப் போனா அலைய விடுவாங்கக்கா. நம்மகிட்ட அதே ஒரிஜினல்தான், அரை மணி நேரத்துல மாட்டித் தரேன்” என்றார் கடைக்காரர். 650 ரூபாய். பில் கேட்டேன், புக் தீர்ந்துபோச்சு என்றார். உடைந்த துண்டுகளை அவரே கழற்றி மேசைக்கு அடியில் இருந்த பெட்டியில் போட்டுக்கொண்டார். நானும் பேசாமல் வந்துவிட்டேன். எல்லாவற்றிலும் பெரிய தப்பு அதுதான், பின்னால் சொல்கிறேன்.

மூன்று வாரம் கழித்து பால்பண்ணை அருகே வாகனச் சோதனை. எஸ்.ஐ. பின்னால் குனிந்து பார்த்தார், பிளேட்டில் இருந்த அசோகச் சக்கரத்தை நகத்தால் சுரண்டினார். உரிந்து வந்துவிட்டது. “அம்மா, இது ஸ்டிக்கர். முன்னாடி இருக்கிற பிளேட்டையும் இதையும் சேர்த்து வெச்சுப் பாருங்க” என்றார். அங்கேயே நின்று பார்த்தேன்.

முன் பிளேட்டில் சக்கரம் தகட்டோடு சூடாக அழுத்திப் பதித்த ஹாலோகிராம். 20க்கு 20 மில்லிமீட்டர். சுரண்டினாலும் வராது. எழுத்துகள் மேடாக எழும்பி நிற்கின்றன. அவற்றின் கறுப்புப் படலத்தைச் சாய்த்துப் பார்த்தால் நாட்டின் பெயர் பொடி எழுத்தில் சாய்வாக ஓடுகிறது. பின் பிளேட்டில் வெறும் கறுப்புப் பெயின்ட். அப்புறம் அந்த லேசர் எண். இடது கீழ் மூலையில் பொடியாகச் செதுக்கியிருப்பார்கள். ஒரு பிளேட்டில் உள்ளது இன்னொரு பிளேட்டில் வராது. ஒரே வண்டியின் முன் பிளேட்டுக்கும் பின் பிளேட்டுக்கும்கூட வேறு வேறு எண். அந்த இரண்டு எண்ணும் வண்டியின் பதிவோடு அரசாங்கத்தின் வாகன் தளத்தில் ஏறியிருக்கும். எனக்கு மாட்டிய பிளேட்டிலும் ஓர் எண் இருந்தது. பிறகு அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்தபோது, தொங்கிய அத்தனை பிளேட்டிலும் அதே எண்தான்.

இன்னொன்று, பூட்டு. ஒரிஜினலின் பின் பிளேட்டை ஸ்னாப் லாக் போட்டு மாட்டுவார்கள். ஒரு தடவை மாட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடியும். எனக்குச் சாதாரண போல்ட் நட்டு போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு ஸ்பேனரில் கழற்றிக்கொண்டு போகலாம்.

500 ரூபாய்க்கு இ-சலான் போட்டார்கள். மறுபடி பிடிபட்டால் 1,500. மத்திய மோட்டார் வாகன விதிகள் 50, 51 இரண்டும் பிளேட்டைப் பற்றியவை. இரு சக்கர வண்டிக்குப் பின்னால் 200க்கு 100 மில்லிமீட்டர் பிளேட், எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40 மில்லிமீட்டர் உயரம். ஆங்கில எழுத்து, வழக்கமான எண்கள் மட்டும். தமிழில் எழுதிக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் விதி இடம் கொடுக்கவில்லை. 8055-ஐ ஆங்கிலத்தில் ‘BOSS’ என்று படிக்கிற மாதிரி வளைத்து எழுதுவது, பிளேட்டில் கட்சிக் கொடி, தலைவர் படம், சாமி பெயர் போடுவது எல்லாமே தவறு. சென்னையில் 2024 மே மாதம் போக்குவரத்துப் போலீஸ் இதற்காகவே தனியாக அபராதம் போட ஆரம்பித்தார்கள். ஸ்டிக்கர் கடையில் இதையெல்லாம் கேட்டால் மறுக்காமல் செய்து கொடுப்பார்கள். சலான் வருவது நம் பெயருக்கு.

சரி, பணம் போனது போகட்டும். மறுநாள் வண்டி வாங்கிய ஷோரூமுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் பொறுமையாகச் சொன்னார்: “உடைஞ்ச பிளேட்டைக் கொண்டுவாங்க மேடம், அதை வாங்கிக்கிட்டுதான் புதுசுக்குப் போடுவோம். தொலைஞ்சிருந்தா போலீஸ் ஸ்டேஷன் ரசீது வேணும்.” எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. என் நிஜ பிளேட், நிஜ ஹாலோகிராமோடும் நிஜ லேசர் எண்ணோடும், முன்பின் தெரியாத ஒருவரின் மேசைக்கு அடியில் கிடக்கிறது. அதை ஒட்டித் தட்டிச் சரிசெய்து வேறொரு வண்டியில் மாட்டி யாராவது செயின் பறித்தால், கேமராவில் விழுவது என் நம்பர்.

கடைக்கு ஓடினேன். “அதெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சுக்கா” என்றார். எந்தக் கடைக்கு என்று கேட்டேன், பதில் இல்லை. பணத்தையும் தரவில்லை. என்ன சத்தம் போட்டும் பிரயோஜனம் இல்லை.

காவல் நிலையத்தில் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஷோரூமில் கேட்டு வாங்கிய பின் பிளேட்டின் லேசர் எண்ணையும் அதில் சேர்த்தேன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்க இரண்டு நடை ஆனது. அதைக் கொடுத்ததும் ஷோரூமில் பதிவு செய்துகொண்டார்கள். பன்னிரண்டாம் நாள் புது பிளேட் வந்து, அங்கேயே ஸ்னாப் லாக் போட்டு மாட்டிக் கொடுத்தார்கள். செலவு அந்தக் கடையில் கொடுத்ததைவிடக் குறைவு. நான் பயந்த அலைச்சல் முழுக்க அந்தக் கடையால் வந்ததுதான்.

உங்கள் வண்டியிலும் எச்.எஸ்.ஆர்.பி. இருந்தால், இன்றைக்கே முன்னும் பின்னும் கிட்டப் போய் அந்தப் பொடி எண்கள் தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார் வைத்திருப்பவர்கள் முன் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரையும் சேர்த்து எடுங்கள். பெட்ரோல், சி.என்.ஜி.க்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு. அதுவும் பதிவு பிளேட்டில் சேர்ந்ததுதான், உரித்தால் கிழிந்துவிடும். பிளேட் உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு நேராக டீலரிடம் போங்கள். அவர்கள் வாங்கிக்கொண்டதற்கு எழுதியும் கேளுங்கள்.

என் சி.எஸ்.ஆர். நகல் ஆர்.சி.யோடு சேர்ந்து வண்டியிலேயே இருக்கிறது. அந்தப் பழைய பிளேட் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தெரியவில்லை.