மாஸ்கோவா, கபாரோவ்ஸ்க்கா: ஒரே நாள், இரண்டு தேர்தல்

2019 செப்டம்பர் 8 அன்று ரஷ்யாவில் நடந்த மாநில அளவிலான தேர்தல்களில் எல்லோரும் பேசியது மாஸ்கோ நகர டூமாவை, அதாவது நகரச் சட்டமன்றத்தைப் பற்றித்தான், ஆனால் ஆளுங்கட்சியான ஐக்கிய ரஷ்யாவுக்கு உண்மையான அடி விழுந்தது தூரக் கிழக்கில் இருக்கும் கபாரோவ்ஸ்க்கில்.

மாஸ்கோவில் 45 இடங்களும் தனித்தொகுதிகள். கட்சி வாங்கும் வாக்கு விகிதப்படி இடம் தரும் கட்சிப் பட்டியலே கிடையாது. ஐக்கிய ரஷ்யா ஆட்கள் கட்சிப் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு சுயேச்சைகளாக நின்றார்கள், நிஜமான எதிரணிச் சுயேச்சைகளின் மனுக்களோ ஆதரவாளர் கையெழுத்துகள் செல்லாது என்று தள்ளுபடியாகின, அதை எதிர்த்துக் கோடை முழுக்கத் தெருவில் போராட்டம். எதிரணித் தலைவர் நவால்னியோ, ஆளும் தரப்பை எதிர்த்து நிற்பவர்களில் யார் ஜெயிக்க வாய்ப்புள்ளவரோ அவருக்கே போடுங்கள் என்று ‘புத்திசாலி வாக்கு’ உத்தியைக் கையில் எடுத்தார். கம்யூனிஸ்டுகளுக்கு 13 இடம் கிடைத்தது, வாக்களித்த பலருக்குத் தாங்கள் தேர்ந்தெடுத்த வேட்பாளரின் முகமே தெரியாது! ஆனாலும் 25 இடங்களோடு பெரும்பான்மை ஆளும் தரப்புக்குத்தான்.

கபாரோவ்ஸ்க் பிராந்தியச் சட்டமன்றத்தில் 36 இடம்: 24 தனித்தொகுதி, 12 பட்டியல். முந்தைய ஆண்டு ஆளுநரான ஃபுர்காலின் செல்வாக்கில் அவருடைய கட்சியான எல்டிபிஆர் (ரஷ்ய லிபரல் ஜனநாயகக் கட்சி) 30 இடங்களை அள்ளியது, ஐக்கிய ரஷ்யாவுக்கு வெறும் 2.

எதிர்ப்பைக் காட்ட எது நல்ல வழி என்று கேட்டால் நான் கபாரோவ்ஸ்க் பக்கம்தான். சரி, பலன்? 2020 ஜூலையில் ஃபுர்கால் கைது. அந்தச் சட்டமன்றத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை, மக்கள்தான் மாதக்கணக்கில் தெருவில் நடந்தார்கள்.