பழைய டிரக்கில் எலக்ட்ரிக் ஃப்யூவல் பம்ப்: நான்கு வருட அனுபவம்

வெயிலில் ஓட்டிவிட்டுப் பத்து நிமிஷம் நிறுத்தினால் போதும், என் பழைய பெட்ரோல் டிரக் திரும்பக் கிளம்ப அடம் பிடிக்கும். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருப்பதால் அதன் சூட்டையெல்லாம் வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்ப் எதை இழுக்கும்? டேங்குக்குப் பக்கத்திலிருந்தே அழுத்தித் தள்ளினால் பெட்ரோல் அவ்வளவு சுலபமாக ஆவியாகாது. அதற்காகத்தான் எலக்ட்ரிக் பம்புக்கு மாறினேன். அந்தத் தொல்லை முதல் கோடையிலேயே போய்விட்டது. சத்தத்தை அடக்கத்தான் நாளானது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அழுத்தம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டருக்கு 4 முதல் 6 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) போதும். இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) வண்டிக்கான பம்புகள் பெரும்பாலும் 40 பி.எஸ்.ஐ.-க்கு மேல் கொடுக்கும். அதைக் கார்புரேட்டரில் மாட்டினால் அது நிறைந்ததும் வழியை அடைக்கும் ஃபுளோட் ஊசியால் தடுக்க முடியாமல் பெட்ரோல் பொங்கி, சூடான எஞ்சின் மேல் வழியும். இதில் துளியும் விளையாடக் கூடாது. அடுத்தது அளவு. 150 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 45 லிட்டர்தான் குடிக்கும். மணிக்கு 100 லிட்டர் தரும் பம்பே தாராளம், அதற்கு மேல் போனால் சத்தமும் சூடும்தான் மிச்சம். ரோட்டரி வகை பம்ப் ஓயாமல் ரீங்காரமிடும். நான் எடுத்தது மின்காந்தத்தால் முன்னும் பின்னும் இயங்கும் சாலினாய்டு வகை. அது டிக் டிக் என்று தட்டும், கார்புரேட்டர் நிறைந்ததும் தட்டுவது மெதுவாகும். 5 பி.எஸ்.ஐ. என்பதால் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் தேவைப்படவில்லை.

முதலில் அதைக் கேபினுக்குப் பின்னால், சரக்குப் பெட்டியின் அடித்தகட்டில் நேராக போல்ட் போட்டேன். சாவியைத் திருப்பியதும் அந்தத் தகடு முழுவதும் மத்தளமாகிவிட்டது. சிக்னலில் நிற்கும்போது பேச்சே கேட்காது. பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தட்டும் சத்தம் சின்னதுதான், மெல்லிய தகடு அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

பிறகு டேங்குக்கு அருகே, டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமாக, கனமான சேஸிஸ் சட்டத்துக்கு மாற்றினேன். இந்த பம்புகளுக்குத் தள்ளத்தான் நன்றாக வரும், இழுக்க வராது. அதனால் தாழ்வான இடம் தேவை, சைலென்சர் பைப்பிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் திருகு உள்ள ரப்பர் புஷ்கள் வழியாக மாட்டினேன். ஒரு போல்ட்கூட இரும்பிலிருந்து இரும்புக்கு நேராகப் போகவில்லை. எல்லாம் முடித்துச் சாவியைத் திருப்பினால் பம்ப் அசையவே இல்லை! ஃபியூஸ், ரிலே, வயர் எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான் பிடிபட்டது: இத்தனை நாள் பம்பின் உடல் வழியாகக் கிடைத்த எர்த்தையும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) ரப்பர் தடுத்துவிட்டது. சேஸிஸில் பெயின்டைச் சுரண்டித் தனி எர்த் வயர் போட்டதும் ஓடியது.

அப்புறமும் மெல்லிய தட்டு கேட்டது. சட்டத்தில் கையை வைத்துக்கொண்டே போனேன். இரும்புக் குழாயைப் பிடித்திருந்த கிளிப்பில் விரலுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. பம்பின் இரு பக்கமும் ஒரு சாண் பெட்ரோல் ஹோஸை லேசாக வளைத்து விட்டு, கிளிப்களையும் ரப்பர் உறை போட்டதாக மாற்றினேன். நட்டையும் அளவாகத்தான் இறுக்க வேண்டும். ரப்பர் நசுங்கிவிட்டால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

பம்புக்கு மின்சாரத்தை, எஞ்சின் ஆயிலில் அழுத்தம் இருந்தால் மட்டும் இணைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுத்திருக்கிறேன். ஸ்டார்ட் செய்யும்போது அந்த அழுத்தம் இன்னும் ஏறியிருக்காது, அப்போது மட்டும் மின்சாரம் ஸ்டார்ட்டர் வயரிலிருந்து வரும். விபத்தில் எஞ்சின் நின்றால் ஆயில் அழுத்தம் இறங்கி பம்பும் நின்றுவிட வேண்டும், ஹோஸ் அறுந்த இடத்தில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. பழைய வண்டியில் இதைச் செய்யாமல் விடுபவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

நான்கு வருடத்தில் பம்ப் ஒருமுறைகூடக் கைவிடவில்லை. பம்புக்கு முன்னால் உள்ள ஃபில்டரை வருடம் ஒருமுறை மாற்றுகிறேன். மூன்றாவது வருடம் ஒரு நாள், எஞ்சின் ஐடிலில் இருந்தும் தட்டு மெதுவாகாமல் படபடவென்று அடித்தது. டேங்கில் பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. குனிந்து பார்த்தால் டேங்க் பக்க ஹோஸில், கிளாம்ப் ஓரத்தில் மயிரிழை விரிசல். பெட்ரோல் கசியவில்லை, காற்றைத்தான் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. புது ஹோஸ் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். பத்து விநாடியில் தட்டு பழைய நிதானத்துக்கு வந்தது, கதவைச் சாத்தினால் காதுக்கே எட்டவில்லை.