பூஸ்டர் கம்பத்தின் உச்சியிலா, டிவிக்குப் பின்னாலா?

1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு, கடல் தாண்டி வந்த அதன் அலைகளைப் பிடிப்பதற்காகத் தமிழகத்தின் தென்மாவட்ட வீடுகளில் இரும்புக் குழாய்கள் ஓங்கி நின்றன. அவற்றின் உச்சியில் ஆண்டெனாவும், பல வீடுகளில் அதனுடன் சிக்னலைப் பெருக்கும் கருவியான ஒரு பூஸ்டரும் இருந்தன. அந்தப் பூஸ்டரை எங்கே பொருத்துவது என்ற கேள்வி, டிஜிட்டல் ஒளிபரப்பைக் கூரை ஆண்டெனாவில் பிடிப்பவர்களுக்கு இன்றும் அப்படியே பொருந்தும்.

பூஸ்டர் சிக்னலை உண்டாக்குவதில்லை. வந்து சேர்ந்ததைப் பெருக்குகிறது, அத்துடன் கலந்து வந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது, போதாததற்குத் தன் பங்குக்கும் கொஞ்சம் இரைச்சலைக் கூட்டுகிறது. ஆர்ஜி-6 என்ற வழக்கமான டிவி கேபிளில் 30 மீட்டர் போவதற்குள், யுஎச்எஃப் என்ற உயர் அலைவரிசை சிக்னல் ஏறக்குறைய 6 டெசிபல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) குறைந்து, நான்கில் ஒரு பங்காகத்தான் கீழே இறங்கும். ஆண்டெனாவை ஒட்டிப் பொருத்திய பூஸ்டர் இந்த இழப்புக்கு முன்பே சிக்னலைத் தூக்கிவிடுவதால், கேபிளில் போவது பெரிதாகப் பாதிப்பதில்லை. டிவிக்குப் பின்னால் வைப்பதோ, மெலிந்து வந்த சிக்னலைப் பெருக்குகிறதே தவிர, வழியில் இழந்த தெளிவை அதனால் மீட்க முடியாது.

எனினும் கம்பத்துப் பூஸ்டருக்கு மழையும் துருவும் பகை. கேபிள் வழியாகவே அதற்கு மின்சாரம் அனுப்ப வேண்டும், பழுதானால் யாராவது மேலே ஏற வேண்டும். சிக்னல் ஏற்கெனவே வலுவாக இருந்து, ஒரே கேபிளை நான்கு அறைகளுக்குப் பிரிப்பதால் மட்டும் சுமார் 7 டெசிபல் குறைகிறது என்றால், அப்படிப் பிரிக்கும் கருவியான ஸ்பிளிட்டருக்கு முன்னால் வைக்கும் உட்புறப் பூஸ்டரே போதும், அதுவே சிக்கனம்.

கடைக்காரர் பெருமையாகக் காட்டும் 30, 35 டெசிபல் பெருக்கத்தை விட, பூஸ்டர் தன் பங்குக்குக் கூட்டும் இரைச்சலின் அளவு 2 டெசிபலை ஒட்டி இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒளிபரப்புக் கோபுரத்துக்கு அருகில் அதிகப் பெருக்கம் கேடாகவே முடியும்: பூஸ்டர் திணறி, நன்றாகத் தெரிந்த சேனல்களும் போய்விடும். பழைய அனலாக் படத்தில் எறும்பு ஊர்வது போன்ற புள்ளிகள் குறையை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தன. டிஜிட்டலில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, சட்டென உறைந்து நின்றுவிடுகிறது.

வாங்குவதற்கு முன், சிறிய டிவி ஒன்றை மாடிக்குக் கொண்டுபோய், இரண்டு மீட்டர் கேபிளில் ஆண்டெனாவுடன் நேராக இணைத்துப் பாருங்கள். அங்கே படம் தெளிவாக வந்தால் குறை கேபிளில்தான், பூஸ்டர் உதவும். அங்கேயும் வராவிட்டால், அந்தப் பணத்தைக் கம்பத்தின் உயரத்துக்கோ பெரிய ஆண்டெனாவுக்கோ செலவிடுவதே மேல்.