பீளமேடு ரோபோ வகுப்பு: சேர்க்கும் முன் வாத்தியாரின் படிப்பைக் கேட்டேன்

சோமனூரில் எட்டுத் தறி ஓட்டுகிறேன். எட்டாவது படிக்கும் மகளைச் சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் கோவை பீளமேட்டுக்கு ரோபோ வகுப்புக்குக் கூட்டிப் போகிறேன். மூன்று மாதம் ஆகிறது.

போன வருஷம் வேறொரு இடத்தில் சேர்த்திருந்தோம். பெட்டியில் வந்த பாகங்களைப் படம் பார்த்து மாட்டினார்கள், வண்டி ஓடியது, சான்றிதழ் கொடுத்தார்கள். எப்படி ஓடுகிறது என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் இந்த முறை பணம் கட்டும் முன்பே, "ஏனுங்க சார், நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.இ., எம்.இ., அப்புறம் ரோபோவில் பிஎச்.டி. அலமாரியிலிருந்து ஆய்வேட்டையே எடுத்து வைத்தார். ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காத கட்டடத்துக்குள் ரோபோ தான் நிற்கும் இடத்தை எப்படித் தெரிந்துகொள்ளும் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. சக்கரம் சுற்றிய சுற்றை எண்ணித் தூரத்தைக் கணக்குப் போடலாம். ஆனால் சக்கரம் வழுக்கினால் அந்தச் சுற்றும் கணக்கில் ஏறிவிடும், பிழை சேர்ந்துகொண்டே போகும் என்றார். எனக்கே புரிந்தது. "ஊடை அறுந்தா உங்க தறி தானா நிக்குதே, அந்த முள்ளும் ஒரு சென்சார்தானுங்க" என்றார். குறுக்கு நூலான ஊடை அறுந்தால் தறியை நிறுத்தும் அந்த முள்ளை இருபது வருஷமாகப் பார்க்கிறேன், அப்படி நினைத்ததே இல்லை.

ஒருநாள் மகள் அல்ட்ராசோனிக் சென்சார் வைத்து வண்டி செய்தாள். காதுக்குக் கேட்காத சத்தத்தை அனுப்பி, அது மோதித் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட உதவும் கருவி அது. சுவருக்கு 20 செ.மீ. முன்னால் நிற்க வேண்டிய வண்டி 10 செ.மீ.யில் போய் நின்றது. வாத்தியார் கீபோர்டைத் தொடவே இல்லை. "ஸ்கேல் வெச்சு அளந்து எழுது கண்ணு" என்றார். 15 செ.மீ.க்கு 30 காட்டியது, 25க்கு 50. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "சத்தம் போயிட்டுத் திரும்பியும் வருதுங்க சார், ரெண்டால வகுக்கலை!" என்றாள். அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் பணம் கட்டுகிறேன்.

வழி தேடும் முறையைச் சொல்லித்தர சார்ட் பேப்பரில் கட்டம் போட்டுப் புளியங்கொட்டையை நகர்த்தச் சொல்கிறார். ஏ ஸ்டார் என்று பெயர். அமெரிக்காவில் ஷேக்கி என்ற ரோபோவுக்காக வேலை செய்தவர்கள் 1968இல் வெளியிட்டது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறதாம்.

குறைகளும் உண்டு. பத்துப் பிள்ளைகளுக்கு நாலே லேப்டாப், இன்னும் இரண்டு வாங்கியே ஆக வேண்டும். மாடியில் பெற்றோர் உட்கார இடமில்லை. ஆய்வரங்கத்துக்கு அவர் வெளியூர் போனதில் இரண்டு வகுப்பு தள்ளிப்போனது, ஞாயிற்றுக்கிழமை வைத்து ஈடுகட்டிவிட்டார். மூன்று மாதத்துக்கு 7,500 ரூபாய், பாகங்களுக்குத் தனியாக வாங்குவதில்லை.

அடுத்த மூன்று மாதம் சக்கரச் சுற்றை எண்ணும் பாடமாம். வழுக்குவதைப் பார்க்க, எங்கள் தறிக்கூடத் தரையிலேயே வண்டியை ஓட்டப் போவதாக மகள் சொல்கிறாள். பணம் கட்டிவிட்டேன்.